291ஆம் கோப்பு: ஒரு முடக்கத்தின் நாட்குறிப்பு

அலுவலக மடிக்கணினி ஒன்று புதுப்பிப்பு இறங்கிய பிறகு மீண்டும் மீண்டும் முடங்கி நிற்குமானால், பராமரிப்பில் பழகியவர்கள் முதலில் கேட்பது அதில் கடைசியாக மாறியது எது என்பதைத்தான். மாறியதைக் கண்டுபிடித்துப் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டால் கோளாறு பெரும்பாலும் நீங்கிவிடும் என்னும் நம்பிக்கையில்தான் அத்தொழிலின் அன்றாடம் நடக்கிறது. 2024 ஜூலையில் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றபோது இந்த நம்பிக்கையின் முதற்பாதி பொய்க்கவில்லை. காரணமான கோப்பு சில மணி நேரத்திலேயே பிடிபட்டுவிட்டது. ஆனால் அதைத் திருப்பிவிடும் வேலைக்கு நாட்களும், சில நிறுவனங்களில் வாரமும் பிடித்தன. நோய் தெரிந்த பிறகும் மருந்து நோயாளியைச் சென்றடைய ஏன் அவ்வளவு காலமாயிற்று என்பதைப் பின்னர் வெளியான அறிக்கைகளின் துணையோடு தேதிவாரியாகப் பார்ப்பதே இக்குறிப்புகளின் நோக்கம். நேரங்கள் இந்திய நேரப்படி தரப்படுகின்றன.

2024 ஜூலை 19, வெள்ளி: முற்பகல்

காலை 9.39 மணிக்கு, அதாவது உலகப் பொது நேரம் 4.09க்கு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினைத் தலைமையிடமாகக் கொண்ட கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம், தன் 'ஃபால்கன்' என்னும் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய புதுப்பிப்பை அனுப்பியது. பழைய வைரஸ் தடுப்பான்கள் கெட்ட கோப்புகளின் அடையாளப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தவை. ஃபால்கன் அவ்வாறன்றி, கணினியில் எந்த நிரல் எதைத் திறக்கிறது, எதனோடு பேசுகிறது என்னும் நடத்தையைக் கவனித்து, ஐயத்துக்குரியதைத் தடுப்பது. இந்தக் கவனிப்பை ஒவ்வொரு கணினியிலும் செய்யும் பகுதிக்குச் 'சென்சர்' என்று பெயர். அது விண்டோஸின் கெர்னல் எனப்படும் மையப் பகுதிக்குள், ஒரு டிரைவராக அமர்ந்திருக்கிறது. கெர்னல் என்பது நினைவகம், வட்டு, நெட்வொர்க் ஆகிய அனைத்தின் மீதும் முழு அதிகாரம் உடைய பகுதி. அங்கே இயங்கும் நிரலிடமிருந்து எதையும் மறைக்க முடியாது என்பது பாதுகாப்புக்கு உதவும் குணம், அங்கே தவறும் நிரலை மட்டும் தனியே நிறுத்திவிட்டு மற்றவற்றை ஓடவிட முடியாது என்பது அதே குணத்தின் மறுபக்கம்.

வேர்டோ எக்செலோ தவறு செய்தால் விண்டோஸ் அந்த நிரலை மட்டும் மூடிவிட்டுத் தன் வேலையைத் தொடரும். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைத் தொட்டுவிட்டால், இனி எந்தத் தரவையும் நம்புவதற்கில்லை என்று இயங்குதளம் தானாகவே முடிவெடுத்து, அந்தக் கணத்தின் நிலையை வட்டில் பதிவுசெய்துவிட்டு நின்றுவிடுகிறது. பொதுவழக்கில் நீலத்திரை எனப்படும் அந்தக் காட்சி, கணினி பழுதானதன் அடையாளமாகவே கருதப்படுகிறது; உண்மையில் அது கோப்புகள் மேலும் சிதையாதபடி வேண்டுமென்றே எடுக்கப்படும் நிறுத்தம். அன்று பெரும்பாலான திரைகளில் தோன்றிய குறியீடு, 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்பது. வட்டுக்கு மாற்றப்படாமல் எப்போதும் நினைவகத்திலேயே இருக்க வேண்டிய பகுதியில் ஒரு முகவரியைத் தேடிப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை என்பது அதன் பொருள்.

நீலத்திரை ஒருமுறை வந்து போயிருந்தால் செய்தியாகியிராது. ஃபால்கனின் டிரைவர், கணினி துவங்கும்போதே ஏற்றப்படும் வகையைச் சேர்ந்தது. தீங்கான நிரல்கள் விழிப்பதற்கு முன்பே காவலாளி விழித்திருக்க வேண்டும் என்பது அதன் நியாயம். ஆகவே கணினி தானாக மறுபடி துவங்கியதும் டிரைவர் மறுபடி ஏறியது, வட்டில் ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்த கோப்பை மறுபடி படித்தது, மறுபடி முடங்கியது. பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும் திரைகூட வராத இந்தச் சுழற்சியைத்தான் ஐடி பிரிவினர் 'பூட் லூப்' என்கிறார்கள்.

10.57க்கு நிறுவனம் கோப்பைத் திரும்பப் பெற்றுச் சரியான வடிவத்தை வெளியிட்டது. இடைப்பட்டவை 78 நிமிடங்கள். இந்தச் சாளரம் எந்த ஊரில் எந்த வேளையில் விழுந்தது என்பதுதான் யாருடைய கணினி விழுந்தது என்பதையும் பெருமளவு தீர்மானித்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அது பிற்பகல் 2 மணி கடந்த வேலைநேரம், இந்தியாவில் மடிக்கணினியைத் திறந்து முதல் மின்னஞ்சலைப் பார்க்கும் வேளை, நியூயார்க்கில் நள்ளிரவு. அமெரிக்காவில் மூடி வைக்கப்பட்டிருந்த மடிக்கணினிகள் அந்த 78 நிமிடங்களையும் உறக்கத்திலேயே கடந்து தப்பின. இரவிலும் அணைக்கப்படாத சர்வர்களும் விமான நிலையத் திரைகளும் சிக்கின.

ஜூலை 19: நண்பகல்

கோளாறைத் துப்புத் துலக்குவோருக்கு அன்று இரண்டு பொய்த்தடங்கள் இருந்தன. முதலாவது, அதிகாலை 3.26 முதலே மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடில், அமெரிக்காவின் மத்தியப் பகுதிக்குரிய மையத்தில், முற்றிலும் வேறு காரணத்தால் ஒரு தடை ஏற்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்று எண்ணியோர் பலர். இரண்டாவது, நீலத்திரை விண்டோஸுக்குரியது என்பதால் விண்டோஸ் புதுப்பிப்பைச் சந்தேகிப்பது. அந்தச் சந்தேகத்தில் பிழையில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் வெளியிடும் பாதுகாப்புத் திருத்தங்கள், அச்சுப்பொறிக்கு ஆணை கொடுத்ததும் நீலத்திரை வரச்செய்த 2021 மார்ச் அனுபவம் உட்பட, பலமுறை அலுவலகக் கணினிகளை வருத்தியிருக்கின்றன. ஆனால் இம்முறை மீட்புச் சூழலுக்குச் சென்று 'கடைசிப் புதுப்பிப்பை நீக்கு' என்று கட்டளையிட்டவர்களுக்குப் பயன் கிட்டவில்லை, ஏனெனில் நீக்க வேண்டியது விண்டோஸின் கணக்கில் எழுதப்பட்ட புதுப்பிப்பே அன்று.

துப்பு, திரையின் அடிப்பகுதியிலும் முடக்கப் பதிவிலும் இருந்தது. நீலத்திரை தோன்றும்போது வட்டில் எழுதப்படும் பதிவை 'டம்ப்' என்பர். விண்டிபிஜி என்னும் மைக்ரோசாஃப்டின் ஆய்வுக்கருவியில் அதைத் திறந்தால், முடங்கிய கணத்தில் செயலியின் பதிவகங்களில் என்ன இருந்தது, எந்த நிரல் வரி ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் காணலாம். அன்றைய பதிவுகள் அனைத்தும் ஒரே பெயரைச் சொல்லின: சிஎஸ்ஏஜென்ட்.சிஸ். அது கிரவுட்ஸ்டிரைக்கின் டிரைவர். டிரைவரின் பெயர் டம்பில் இருப்பதாலேயே அதுதான் குற்றவாளி என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. வேறொரு டிரைவர் கெடுத்துவைத்த நினைவகத்தில் கால்வைத்துப் பழியேற்கும் டிரைவர்களும் உண்டு. ஆனால் வெவ்வேறு தயாரிப்பு, வெவ்வேறு விண்டோஸ் பதிப்பு, வெவ்வேறு நாடு என்றிருக்கும் கணினிகள் ஒரே மணி நேரத்தில் ஒரே டிரைவரில் விழும்போது அந்த ஐயத்துக்கு இடமில்லை.

இங்கேதான் எச்சரிக்கையான நிர்வாகிகளுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. சென்சரின் புதிய பதிப்பு வந்தவுடன் ஏற்றிக்கொள்ளாமல், ஒரு பதிப்போ இரண்டு பதிப்போ பின்தங்கியே இருக்கும் வசதியை நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு அளித்திருந்தது. புதியதன் குறைகளை மற்றவர்கள் அனுபவித்துத் தீர்த்த பிறகு தாம் ஏற்பது என்பது ஐடி துறையின் பழைய தற்காப்பு. அவ்வாறு பின்தங்கியிருந்தவர்களின் கணினிகளும் விழுந்தன. காரணம், சென்சர் என்னும் நிரலுக்கு ஒரு வழியும், அந்நிரல் படிக்கும் 'உள்ளடக்கம்' என்னும் தரவுக்கு இன்னொரு வழியும் இருந்தன. முதல் வழியில் வாடிக்கையாளரின் கட்டுப்பாடு இருந்தது. புதிய தாக்குதல் உத்திகளை உடனுக்குடன் எதிர்கொள்வதற்கான இரண்டாம் வழி, எல்லோருக்கும் ஒரே நேரத்தில், கேளாமலே திறந்திருந்தது. ஒரு நாளில் பலமுறைகூட அவ்வழியே கோப்புகள் வந்துபோயின என்றாலும், அவை நிரல் அல்ல, வெறும் தரவே என்று கருதப்பட்டதால் அவற்றைப் புதுப்பிப்பு என்று யாரும் எண்ணியதில்லை.

ஜூலை 19: மாலை முதல் இரவு வரை

இது இணையத் தாக்குதல் அன்று, தம் புதுப்பிப்பில் நேர்ந்த குறை என்று நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ் பிற்பகலில் அறிவித்தார். மேக், லினக்ஸ் கணினிகள் பாதிக்கப்படவில்லை என்பதும் அதில் இருந்தது. தீர்வும் வெளியாகிவிட்டது, எழுதினால் நான்கு வரிக்கு மேல் போகாது. கணினியைச் சேஃப் மோடிலோ மீட்புச் சூழலிலோ துவக்குக, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ், அதனுள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் கோப்புறைக்குச் செல்க, 'சி-00000291' என்று தொடங்கி 'சிஸ்' என்று முடியும் கோப்பை அழிக்க, மறுபடி துவக்குக. 'சிஸ்' என்னும் பின்னொட்டு டிரைவர்களுக்கு உரியது என்றாலும் இந்தக் கோப்பு டிரைவர் அன்று, டிரைவர் படிக்கும் தரவு என்பதை நிறுவனம் தனியே விளக்க வேண்டியிருந்தது.

சேஃப் மோட் என்பது இயங்குவதற்கு இன்றியமையாத டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு விண்டோஸ் துவங்கும் நிலை. அந்நிலையில் ஃபால்கன் டிரைவர் எழாததால் கோப்பை நிம்மதியாக அழிக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு கணக்காளரிடம் தொலைபேசியில் இதைச் செய்விப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். துவங்கும்போதே மின்விசையைச் சிலமுறை இடைமறித்து மீட்புச் சூழலை வரவழைக்க வேண்டும். அங்கே 'டிரபிள்ஷூட்', பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', பிறகு 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்', பிறகு எண் 4. சேஃப் மோடில் நுழைந்தாலும் அந்தக் கோப்புறையில் கைவைக்க நிர்வாகி உரிமை தேவை. பாதுகாப்புக் கருதிப் பெரும்பாலான நிறுவனங்கள் அவ்வுரிமையை ஊழியர்களுக்குத் தருவதில்லை, கணினிதோறும் வெவ்வேறான நிர்வாகிக் கடவுச்சொல்லை ஒரு மையச் சர்வரில் வைத்திருப்பார்கள். கட்டளைச் சாளரத்தின் வழியே சென்றால், அது சி என்னும் வட்டில் திறக்காமல் எக்ஸ் என்னும் தற்காலிக வட்டில் திறக்கும். அங்கே தேடினால் கிரவுட்ஸ்டிரைக் கோப்புறை இராது.

இவற்றையெல்லாம் கடந்தாலும் முன்னே நின்றது பிட்லாக்கர். திருடுபோன மடிக்கணினியின் வட்டைக் கழற்றிப் படித்துவிடாதபடி அதன் உள்ளடக்கம் முழுவதையும் மறையாக்கம் செய்யும் வசதி அது. வழக்கமான துவக்கத்தில், தாய்ப்பலகையில் இருக்கும் டிபிஎம் என்னும் சிப் தானாகத் திறவுகோலைத் தருவதால் பயனருக்கு அது இருப்பதே தெரியாது. மீட்புச் சூழலின் வழியே வட்டைத் தொட முயன்றால், வருபவர் திருடரோ என்று ஐயுற்று மீட்புச் சாவியைக் கேட்கும். அச்சாவி 48 இலக்கங்கள் கொண்டது, ஆறு இலக்கங்களாக எட்டுத் தொகுதிகளில் எழுதப்படுவது. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதமின்றி வகுபடும்படி அமைக்கப்பட்டிருப்பதால், ஓர் இலக்கம் பிறழ்ந்தால் அந்தத் தொகுதியிலேயே பிழை தெரிந்துவிடும். தொலைபேசியில் எண்களை ஒப்பித்துத் தட்டச்சு செய்யும் வேலைக்கென்றே செய்யப்பட்ட நுட்பம்போல இருக்கிறது. எனினும் ஒரு கணினிக்கு 48 இலக்கம் என்றால் ஆயிரம் கணினிக்கு 48,000. ஆஸ்திரேலியாவில் ஒரு கணக்குத் தணிக்கை நிறுவனத்தின் ஐடி பிரிவினர், சாவிகளைப் பார்கோடுகளாக மாற்றித் திரையில் காட்டி, கடைகளில் விலை படிக்கும் ஸ்கேனரை மடிக்கணினியில் செருகி வாசிக்கச் செய்தனர். அத்தகைய ஸ்கேனர் கணினியின் கண்ணுக்கு ஒரு விசைப்பலகைதான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வாரத்தில் நடந்தவற்றுள் பாராட்டத்தக்க பொறியியல் இது என்று சொன்னால் மிகையாகாது.

சாவிகள் எங்கே இருந்தன என்பது இன்னொரு சிக்கல். ஆக்டிவ் டைரக்டரி எனப்படும் நிறுவனப் பதிவேட்டில் அவை சேமிக்கப்படுவது வழக்கம். அப்பதிவேட்டைத் தாங்கும் சர்வரும் விண்டோஸ், அதிலும் ஃபால்கன், அதுவும் சுழற்சியில். அத்தகைய இடங்களில் முதலில் எழுப்ப வேண்டியது அந்தச் சர்வரை. அதன் சாவியை வேறெங்காவது, காகிதத்திலேனும், எழுதி வைத்திருந்தவர்களே முன்னேறினர். கிளவுடில் சாவிகளைச் சேமித்திருந்தவர்களுக்கு இந்த முட்டுக்கட்டை இல்லை. ஊழியர் தம் கைப்பேசியிலேயே தம் சாவியைப் பார்த்துக்கொள்ளும் வசதியைத் திறந்துவைத்திருந்த நிறுவனங்கள் இன்னும் எளிதாக மீண்டன.

விரல் வைக்காமலே சரியான கணினிகளும் இருந்தன. சரியான கோப்பு 10.57 முதல் காத்திருந்தது. டிரைவர் முடங்குவதற்கு முன் நெட்வொர்க் விழித்துக்கொண்டு அக்கோப்பைப் பெற்றுவிட்டால் சுழற்சி அறுந்துவிடும். ஆகவே திரும்பத் திரும்பத் துவக்கிப் பாருங்கள் என்பதும் ஓர் அதிகாரபூர்வ அறிவுரையாயிற்று. அஸூரில் இயங்கும் மெய்நிகர்க் கணினிகளுக்கு 15 முறை வரை தேவைப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்டது. வைஃபையைக் காட்டிலும் ஈதர்நெட் கேபிள் முந்திக்கொண்டு இணைவதால், மடிக்கணினிகளைக் கேபிளில் இணைக்கும்படி கிரவுட்ஸ்டிரைக் சொன்னது. ஒரு முறை அணைத்துவிட்டுப் போடுங்கள் என்னும் ஹெல்ப்டெஸ்க் வாசகத்தைக் கேலி செய்வோருக்கு அது அன்று 15 மடங்காகத் திரும்பி வந்தது.

இந்தியாவில் இண்டிகோ உள்ளிட்ட விமான நிறுவனங்கள் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தன. 10 வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் மட்டும் சிறு இடையூறுகள் நேர்ந்ததாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. தேசியத் தகவலியல் மையத்தின் வலையமைப்பு பாதிக்கப்படவில்லை. பிரிட்டனில் ஸ்கை நியூஸ் ஒளிபரப்பு சில மணி நேரம் நின்றது. பொது மருத்துவர்கள் நோயாளிகளின் பதிவேட்டைத் திறக்க முடியாமல் காகிதத்துக்குத் திரும்பினர்.

ஜூலை 20, சனி

பாதிக்கப்பட்டவை 85 இலட்சம் கணினிகள், அதாவது மொத்த விண்டோஸ் கணினிகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. இந்த விழுக்காடு ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டது என்றே தோன்றுகிறது. ஆனால் விலையுயர்ந்த பாதுகாப்பு மென்பொருளை வாங்கக்கூடியவை விமான நிறுவனங்களும் மருத்துவமனைகளும் வங்கிகளுமே என்பதால், அந்த ஒரு விழுக்காடு எங்கே குவிந்திருந்தது என்பதில்தான் பொருள் இருக்கிறது.

அன்றே மைக்ரோசாஃப்ட் ஒரு யுஎஸ்பி மீட்புக்கருவியை வெளியிட்டது. அதிலிருந்து கணினியைத் துவக்கினால் குறிப்பிட்ட கோப்பைத் தானே தேடி அழிக்கும். ஓரிரு நாளில் அதில் இரண்டு வழிகள் அமைந்தன: முதல் வழிக்கு நிர்வாகி உரிமை வேண்டாம், பிட்லாக்கர் சாவி வேண்டும், சேஃப் மோடில் செல்லும் இரண்டாம் வழிக்கு நிர்வாகி உரிமை வேண்டும், டிபிஎம் சிப்பை மட்டும் நம்பியிருக்கும் கணினிகளில் சாவி இல்லாமலும் நடக்கக்கூடும். எதைத் தேர்ந்தாலும், யாரோ ஒருவர் ஒரு யுஎஸ்பி துண்டோடு ஒவ்வொரு கணினியின் முன்னாலும் போய் நிற்க வேண்டும்.

முடக்கத்தின் உண்மைக் கனம் இங்கேதான் இருக்கிறது. கடந்த பல ஆண்டுகளாக அலுவலகக் கணினிப் பராமரிப்பு முழுவதும் தொலைவிலிருந்து செய்யப்படுவதாக மாறிவிட்டது. இன்டியூன் போன்ற மேலாண்மைக் கருவிகளால் ஒரே ஆள் ஓரிடத்தில் அமர்ந்து பல்லாயிரம் கணினிகளுக்கு ஆணையிட முடிகிறது. அந்த வசதியைக் காட்டியே ஐடி பிரிவுகளின் ஆள்பலமும் குறைக்கப்பட்டது. அந்தக் கருவிகள் யாவும் விண்டோஸ் எழுந்து, நெட்வொர்க்கில் இணைந்து, தன் பின்னணிச் சேவைகளைத் துவக்கிய பிறகே பேசத் தொடங்குகின்றன. எழாத கணினியோடு அவற்றால் பேச முடியாது. ஆகவே கோளாறு 78 நிமிடங்களில் கிளவுட் வழியே பரவியது, தீர்வோ கால்நடையாகப் பயணம் செய்தது.

அன்று பரவிய ஒரு விளக்கத்தையும் குறிப்பிட வேண்டும். அனுப்பப்பட்ட கோப்பு வெறும் சுழியங்களால் நிறைந்திருந்தது, அதனால்தான் முடங்கிற்று என்று சமூக ஊடகங்களில் பலர் உறுதியோடு எழுதினர். முடக்கத்துக்கும் சுழியங்களுக்கும் தொடர்பில்லை என்று நிறுவனம் அன்றே மறுத்தது. பின்னர் வந்த ஆய்வும் அதையே காட்டிற்று. கோளாறுக்குப் பின் கிடைக்கும் கோப்பைப் பார்த்துக் கோளாறின் காரணத்தைச் சொல்வது ஆபத்தானது, ஏனெனில் அக்கோப்பு முடக்கத்தின் விளைவாகவே அந்நிலைக்கு வந்திருக்கலாம்.

ஜூலை 22, திங்கள்

வார இறுதியில் மோசடிக்காரர்கள் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தனர். கிரவுட்ஸ்டிரைக் பெயரில் திருத்தக்கோப்பு என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு ஜிப் கோப்பில், கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் ரெம்காஸ் என்னும் தீநிரல் ஒளிந்திருந்தது. கோப்புகளின் பெயரும் குறிப்புகளும் ஸ்பானிஷில் இருந்ததால் இலத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களே குறி என்று தெரிந்தது.

ஜூலை 23, செவ்வாய்

முற்றிலும் வேறொரு கோளாறு இந்த நாளின் பதிவில் சேர்கிறது. ஜூலை 9 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பின், சில விண்டோஸ் கணினிகள் துவங்கும்போது காரணமின்றிப் பிட்லாக்கர் சாவியைக் கேட்கின்றன என்று அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்ட் 13ஆம் நாள் புதுப்பிப்பில் அது திருத்தப்பட்டது. ஒரே மாதத்தில், 48 இலக்கங்களைக் கேட்கும் அதே திரையை இரண்டு வேறு காரணங்களுக்காக ஐடி பிரிவினர் பார்க்க நேர்ந்தது. எது எதனால் என்று பிரித்தறிவது எத்தகைய வேலை என்பதை ஹெல்ப்டெஸ்கில் இருந்தோரே அறிவர்.

ஜூலை 24, புதன்

கிரவுட்ஸ்டிரைக்கின் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. கோப்பைச் சரிபார்க்கும் 'கன்டென்ட் வேலிடேட்டர்' என்னும் நிரலிலேயே ஒரு குறை இருந்ததால், பிழையுள்ள கோப்பு தேர்ச்சி பெற்றுவிட்டது என்பது அதன் சாரம். இனி உள்ளடக்கமும் முதலில் சிறு தொகுதிக் கணினிகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே விளைவைப் பார்த்த பிறகே மற்றவற்றுக்குப் போகும் என்றும், எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளருக்கும் கட்டுப்பாடு தரப்படும் என்றும் நிறுவனம் உறுதியளித்தது. படிப்படியாக அனுப்புதல் என்பது மென்பொருள் துறையில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றன்று. சென்சர் நிரலுக்கு அதே நிறுவனம் அதைக் கடைப்பிடித்தே வந்தது.

துயருற்ற கூட்டாளி நிறுவனத்தாருக்கு நன்றி சொல்லும் விதமாக ஊபர் ஈட்ஸில் பயன்படுத்தக்கூடிய 10 டாலர் கூப்பன்களையும் நிறுவனம் அனுப்பியிருந்தது. கூப்பன்களின் பயன்பாடு மிக அதிகமாக இருந்ததால் ஊபர் அதை மோசடி எனக் கருதித் தடுத்தது.

ஜூலை 31, புதன்

ஜூலை 25 நிலவரப்படி 97 விழுக்காட்டுக்கு மேற்பட்ட விண்டோஸ் சென்சர்கள் மீண்டும் இணைந்துவிட்டன என்று கர்ட்ஸ் ஏற்கெனவே அறிவித்திருந்தார். பாதிக்கப்பட்டோருள் அதிகம் பேசப்பட்டது டெல்டா ஏர்லைன்ஸ். ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை ரத்து செய்த அந்நிறுவனத்தின் தலைவர் எட் பாஸ்டியன், 40,000 சர்வர்களை ஆள் வைத்துச் சரிசெய்ய நேர்ந்தது என்றும் இழப்பு 50 கோடி டாலர் என்றும் தெரிவித்தார். கணினிகள் எழுந்த பிறகும் டெல்டா தவித்ததற்குக் காரணம், விமானப் பணியாளர்களை விமானங்களோடு பொருத்தும் நிரல், குவிந்துவிட்ட மாற்றங்களைக் கணக்கிட்டுத் தீர்க்க முடியாமல் திணறியதுதான். நீலத்திரை போனவுடன் கோளாறு முடிந்தது என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூலகாரண அறிக்கை வெளிவந்த நாள். கோளாறு ஜூலையில் பிறக்கவில்லை, பிப்ரவரியிலேயே பிறந்துவிட்டது என்பதை அது காட்டியது.

பிப்ரவரி 28 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 7.11ஆம் பதிப்புச் சென்சரில், விண்டோஸில் நிரல்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் வழிகளை, குறிப்பாக 'நேம்டு பைப்' எனப்படும் பெயரிட்ட குழாய்களை, தாக்குதல்காரர்கள் தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் புதிய திறன் சேர்க்கப்பட்டது. அதற்கான வார்ப்பு, ஒவ்வொரு நிகழ்விலும் 21 விவரங்கள் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் என்று வரையறுத்தது. அந்த விவரங்களைத் திரட்டித் தரும் சென்சர் நிரலோ 20 மட்டுமே தந்தது. இந்த ஒன்றுக்குறையைத் தொகுக்கும் நிலையிலேயே கணினி தானாகக் கண்டுபிடித்திருக்கலாம். அத்தகைய சோதனை எழுதப்படவில்லை.

மார்ச் 5 அன்று இந்த வார்ப்பைப் பயன்படுத்தும் முதல் விதி அனுப்பப்பட்டது. ஏப்ரல் 8 முதல் 24 வரை மேலும் மூன்று. நான்கும் சிறப்பாகவே வேலை செய்தன. ஏனெனில் அவற்றில் 21ஆம் விவரத்துக்கு எதிரே 'எதுவாயினும் சரி' என்னும் பொதுக்குறி இருந்தது. எதுவாயினும் சரி என்றால் அதைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. பார்க்காததால் அது இல்லை என்பதும் தெரியவில்லை. சோதனைகளிலும் அதே பொதுக்குறிதான். ஜூலை 19 அன்று அனுப்பப்பட்ட இரண்டு விதிகளுள் ஒன்றே முதன்முதலாக 21ஆம் விவரத்தில் ஒரு குறிப்பிட்ட மதிப்பைக் கேட்டது. டிரைவர், 20 முகவரிகள் கொண்ட வரிசையில் 21ஆவதைப் படிக்கப் போயிற்று, வரிசைக்கு அப்பால் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒன்றை முகவரி என்று நம்பி அங்கே செல்ல முயன்றது, கெர்னல் நிறுத்தியது. இதற்கு 'எல்லை மீறிய வாசிப்பு' என்று பெயர். வரிசையின் நீளத்தைப் படிக்கும் முன் பார்த்துக்கொள்ளும் ஒரு நிபந்தனை அங்கே இருந்திருந்தால் போதும். அந்த நிபந்தனை ஜூலை 25 அன்று சேர்க்கப்பட்டது. ஜூலை 27இல் மைக்ரோசாஃப்ட் தனக்கு வந்துசேர்ந்த முடக்கப் பதிவுகளைத் தனியே ஆராய்ந்து இதே முடிவை உறுதிப்படுத்தியிருந்தது.

சரிபார்க்கும் நிரல் ஏன் பிடிக்கவில்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. 21 விவரங்கள் வரும் என்னும் வரையறையை நம்பியே அதுவும் எழுதப்பட்டிருந்தது. கோப்பு வரையறைக்குப் பொருந்துகிறதா என்று அது பார்த்தது, பொருந்தியது. வரையறை நிரலுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது யாருடைய வேலையாகவும் இல்லை. நான்கு மாதக் குறையற்ற ஓட்டத்தைக் காட்டி இவ்வழி நம்பத்தக்கது என்று கொண்டதே அறிக்கையில் வெளிப்படும் ஆழமான தவறு என்று கருத இடமுண்டு. அந்த நான்கு மாதங்களில் சோதிக்கப்பட்டது 21ஆம் இடம் அன்று. அதைத் தொடாமல் விடும் வழக்கம்தான்.

கர்ட்ஸின் பெயரோடு இன்னொரு நாளும் நினைவுகூரப்பட்டது. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபீ நிறுவனத்தின் 5958ஆம் எண் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத எஸ்விசிஹோஸ்ட் என்னும் கோப்பை வைரஸ் எனக் கொண்டு அகற்றிவிட, அலுவலகக் கணினிகள் இதேபோல் சுழற்சியில் சிக்கின. அப்போது மெக்காஃபீயின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி அவரே. இதை ஒருவரின் ராசி என்று பேசுவதில் பொருளில்லை. 14 ஆண்டு இடைவெளியிலும் தரவுக்கோப்புகள் நிரலுக்குரிய சோதனையின்றியே கணினிகளுக்குச் சென்றுகொண்டிருந்தன என்பதே கவனிக்க வேண்டியது.

செப்டம்பர் 24, செவ்வாய்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு முன்பு கிரவுட்ஸ்டிரைக்கின் மூத்த துணைத்தலைவர் ஆடம் மேயர்ஸ் மன்னிப்புக் கேட்டுச் சாட்சியமளித்தார். கட்டமே இல்லாத இடத்துக்குச் சதுரங்கக் காயை நகர்த்துவது போன்றது நடந்த தவறு என்று அவர் உறுப்பினர்களுக்கு விளக்கினார். எல்லை மீறிய வாசிப்புக்கு அது பொருத்தமான உவமை; எல்லாப் பலகைகளிலும் ஒரே கணத்தில் காயை நகர்த்தியது ஏன் என்பதற்கு அதில் இடமில்லை.

கெர்னலுக்குள் மூன்றாம் தரப்பு நிரல்களை இன்னும் அனுமதிக்க வேண்டுமா என்னும் கேள்வி அதற்கு முன்பே எழுந்துவிட்டது. ஆப்பிள் 2019 முதல் மேக் கணினிகளில் அவற்றைப் படிப்படியாக வெளியேற்றிவிட்டது. தம் பாதுகாப்பு மென்பொருளுக்கு உள்ள அதே அணுகலை மற்றவர்க்கும் அளிப்பதாக 2009இல் ஐரோப்பிய ஆணையத்துக்கு உறுதியளித்திருப்பதை மைக்ரோசாஃப்ட் சுட்டிக்காட்டியது. அந்த வாதம் முழு நிறைவு தருவதாக இல்லை. தானும் கெர்னலை விட்டு வெளியே வந்து, அனைவருக்கும் சமமான வேறொரு வாயிலைத் திறந்துவிடுவதை அந்த உறுதிமொழி தடுக்கவில்லை. செப்டம்பர் 10 அன்று ரெட்மண்டில் பாதுகாப்பு நிறுவனங்களை அழைத்து மைக்ரோசாஃப்ட் நடத்திய கூட்டத்தில் பேசப்பட்டதும் ஏறக்குறைய அந்த வாயிலைப் பற்றித்தான்.

2025 ஜூன் 26, வியாழன்

வைரஸ் தடுப்பான்கள் கெர்னலுக்கு வெளியே இயங்குவதற்கான ஏற்பாட்டின் முன்னோட்டத்தை ஜூலையில் சில பாதுகாப்பு நிறுவனங்களுக்கு மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நீலத்திரையின் நிறம் கறுப்பாகிறது என்னும் அறிவிப்பும் அதிலேயே இருந்ததால் பத்திரிகைகளின் கவனம் நிறத்தின் பக்கம் போய்விட்டது. துப்புத் துலக்குவோருக்கு அதைவிட முக்கியமானது, புதிய திரையில் முடக்கக் குறியீடும் காரணமான டிரைவரின் பெயரும் தெளிவாகக் காட்டப்படும் என்பது.

'குவிக் மெஷின் ரெக்கவரி' என்னும் வசதியும் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்புக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. தொடர்ந்து துவங்க முடியாமல் தவிக்கும் கணினி, மீட்புச் சூழலிலிருந்தபடியே நெட்வொர்க்கில் இணைந்து, தனக்கென மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கும் தீர்வு ஏதும் உண்டா என்று கேட்டு, இருந்தால் இறக்கித் தானே சரிசெய்துகொள்ளும். யுஎஸ்பியோடு நடந்த கால்களின் வேலையை நெட்வொர்க்குக்கு மாற்றும் ஏற்பாடு இது. ஆனால் மீட்புச் சூழலுக்கு ஈதர்நெட் கேபிளும், கடவுச்சொல்லால் திறக்கும் வைஃபையும் மட்டுமே புரியும் நிலையில் அது வெளிவந்தது. பெரிய அலுவலகங்கள் பலவற்றில் வைஃபை, கணினியில் நிறுவப்பட்ட மின்னணுச் சான்றிதழைப் பார்த்தே திறக்கிறது. மேலும், வீட்டுப் பயன்பாட்டுக்கான ஹோம் பதிப்பில் இவ்வசதி தானாக இயங்கும் நிலையில் வந்தது. அலுவலக மடிக்கணினிகளில் இருக்கும் ப்ரோ, என்டர்ப்ரைஸ் பதிப்புகளில் அப்போது அது நிர்வாகி இயக்கும்வரை அணைந்தே இருந்தது.